கைமாற்று எலக்ட்ரான்

கடலூர் முதுநகரில் மீன் விற்கிறவர்கள் காலையில் ஐந்நூறு வாங்கினால் மாலையில் அதே ஐந்நூறைத் திருப்பிக் கொடுப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கைமாற்று.

வேதியியலில் முதுகலை படிக்கும் என் தங்கை மகள், "போட்டோஇண்டியூஸ்டு எலக்ட்ரான் டிரான்ஸ்ஃபருக்குத் தமிழ்ல என்ன மாமா?" என்று கேட்டபோது அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

போட்டோ, கிரேக்கத்தில் ஒளி. எலக்ட்ரான் என்பது அம்பர் என்ற பிசின் கல்லுக்குக் கிரேக்கர் வைத்த பெயர். தேய்த்தால் தூசியை இழுக்கும். 1891இல் அயர்லாந்து இயற்பியலாளர் ஸ்டோனி அந்தப் பெயரை மின்னூட்டத்தின் அடிப்படை அலகுக்குச் சூட்டினார். தமிழில் எதிர்மின்னி இருந்தாலும் புழக்கத்தில் எலக்ட்ரான்தான். டிரான்ஸ்ஃபர், லத்தீனில் அப்பால் சுமந்து போவது. இதைப் பலர் 'பரிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். அது இருவரும் கொடுத்து வாங்குவது. இங்கே ஒளி பட்டதும் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு எலக்ட்ரான், ஒவ்வொரு முறையும் ஒரே திசையில். 'இடமாற்றம்' என்றால் அணுக்கள் இடம் மாறும் வினையோடு குழம்பும். ஒளிதூண்டு எலக்ட்ரான் பெயர்வு என்பதே என் தேர்வு.

சரி, பெயர்ந்தால் என்ன ஆகும்? குவாட்ரிசைக்லேன் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். கார்பன் ஏழு, ஹைட்ரஜன் எட்டு. அதில் மூன்று கார்பன் வளையம் இரண்டு, நான்கு கார்பன் வளையம் ஒன்று. கார்பன் விரும்பும் கோணம் 109.5 பாகை, மூன்று கார்பன் வளையத்தில் கிடைப்பதோ 60. வளைத்துக் கட்டிய சவுக்குக் கழி மாதிரி விறைத்து நிற்கிறது. இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின். இறுக்கிக் கட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இயற்பியல் நூல்களில் 'திரிபு' என்பார்கள். கோணம் பிறழ்வதற்கு அது பொருந்தும். உள்ளே அடங்கிக் கிடக்கும் ஆற்றலைச் சொல்ல இறுக்கம்தான் சரி.

இவ்வளவு இறுக்கம் இருந்தும் அறை வெப்பநிலையில் குவாட்ரிசைக்லேன் அசையாது. பக்கத்தில் டைசயனோஆந்த்ரசீன் போன்ற ஒளியுணர்த்தி இருந்து, அது ஒளியை உறிஞ்சினால், இதனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைக் கைமாற்றாக வாங்கிக்கொள்ளும். பிணைப்பைப் பிடித்திருந்த எலக்ட்ரான் போனதும் முடிச்சு தளர்ந்து, நான்கு கார்பன் வளையத்தின் இரண்டு பிணைப்புகள் அறுந்து, அதே அணுக்கள் கொண்ட, இறுக்கம் குறைந்த நார்போர்னாடையீனின் வடிவம் வந்துவிடும். அப்புறம் எலக்ட்ரான் திரும்பி வரும். ஒரு மோலுக்குச் சுமார் 89 கிலோஜூல் வெளியேறியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கைமாற்றில் உருமாறிப்போவது வாங்கினவர் அல்ல, கொடுத்தவர்.

திரும்பும் நேரமும் முக்கியம். பிணைப்பு அவிழ்வதற்குள் எலக்ட்ரான் வந்துவிட்டால் பழைய குவாட்ரிசைக்லேனே மிச்சம். உறிஞ்சின ஒளி வெப்பமாகப் போயிருக்கும்.