அந்தப் பையன் பார்த்துக்குவான்

திங்கள்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு போன். "மேடம், லைப்ரரி ஓபன் ஆகல."

"கதவா, சாஃப்ட்வேரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது அழைப்பு. பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். தெரிந்த நூலகங்களில், புத்தகப் பட்டியலையும் வரவு செலவையும் கவனிக்கும் கோஹா மென்பொருளை நிறுவவும், ஊழியர்களுக்குச் சொல்லித் தரவும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். மூன்று இடத்திலும் ஒரே கதை. முதல் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இந்த முறை முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மழையில் கரன்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்திருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்தாயிற்று. சர்வர் என்று அவர்கள் மரியாதையாகக் கூப்பிடும் அந்தப் பழைய டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு மேடம், தினம் ராத்திரி தானா எடுக்கும்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான்."

எடுக்கும்தான். உபுண்டுவில் வழக்கமான முறையில் கோஹாவை நிறுவினால் அது தினமும் ஒரு பிரதி எடுத்து வைக்கும். நாம் மாற்றி அமைக்காதவரை கடைசி இரண்டு நாள் பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். எங்கே வைக்கும்? அதே ஹார்ட் டிஸ்க்கில். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்தமாதிரி.

"கூகுள் டிரைவுக்கும் ஒரு காப்பி போகும்னு சொன்னான் மேடம்." சரி, திறங்கள். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. மறந்துவிட்டது என்று போட்டால் ஓ.டி.பி. கேட்கிறது. அது யார் நம்பருக்குப் போகிறது? ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதத்துக்கு முன்பே வேலையைவிட்டுப் போன அந்தப் பையனின் சொந்த நம்பருக்கு! ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று போஸ்டர் ஒட்டிய நோட்டீஸ் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவனுக்கு போன் போட்டோம். பாவம், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எரிச்சல் காட்டாமல் ஆறு இலக்கத்தையும் படித்துச் சொன்னான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

டிரைவைத் திறந்தால் கடைசிப் பிரதி பதினோரு மாதம் பழையது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. நிரம்பிவிட்டது, பிரதி போவது நின்றுவிட்டது. இடம் தீர்ந்தது என்று அவர்களும் மெயில் மேல் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. நூலகத்தின் பெயரில் இருக்கும் மெயிலை நூலகத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. "அது அந்தப் பையன் பார்த்துக்குவான்."

இந்த வாக்கியம்தான் என் பிரச்சினை. ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது சாகத்தான் செய்யும், அதை விடுங்கள். எந்த நூலகத்துக்குப் போனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஊழியர்கள், "எனக்கு வயசாயிடுச்சு, இதெல்லாம் சின்னப் பசங்க வேலை" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்கிறார்கள். கன்னடத்தில் "கொத்தில்லா மேடம், நீவே மாடிபிடி." தமிழில் "நீங்களே போட்டுருங்க மேடம்." மொழி எதுவானாலும் நாற்காலி பின்னால்தான் போகிறது.

தட்டச்சு வேகம் வேறு, நூலக வேலை வேறு. இதை எத்தனை தடவை சொல்வது! சின்னப் பையனுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியும். எதை அடிப்பது என்று யாருக்குத் தெரியும்? அவனுடைய பதிவுகளை நீங்கள் என்றைக்காவது பார்த்ததுண்டா? நான் அன்றைக்கு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். கி. ராஜநாராயணன் ஓர் ஆசிரியர். ராஜநாராயணன், கி. இன்னோர் ஆசிரியர். கி.ரா. மூன்றாவது ஆசிரியர். ஒரு பெயரைச் சொடுக்கினால் மற்ற இரண்டு பேரின் புத்தகங்கள் வராது. தலைப்பில் 'மருந்து' என்று இருந்ததற்காக ஒரு சிறுகதைத் தொகுப்பு மருத்துவ அலமாரிக்குப் போயிருந்தது. புத்தகங்களை வகை பிரிக்கும் எண்களில் 894.811 என்றால் தமிழ் இலக்கியம் என்பது அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்து வருடமாக அந்த எண்ணைப் புத்தகங்களின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தார்!

அல்சூர்க்காரர் அந்த அக்கா. ஐம்பத்துநாலு வயது. அட்டெண்டராகச் சேர்ந்து உதவியாளரானவர். பதினோரு மாதப் பதிவு போயிற்றே என்று எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது பீரோவைத் திறந்து, சிவப்புத் துணி பைண்டிங் போட்ட வரவுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கம்ப்யூட்டர் வந்ததும் இதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "பழக்கத்தை விட முடியல மேடம்" என்றார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், தேதி, ஆசிரியர், விலை, பில் நம்பர், எல்லாம் நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. நூலகமே அவர் கையெழுத்தில்தான் பிழைத்திருந்தது. அவரைத்தான் சாஃப்ட்வேர் பயிற்சிக்கு அனுப்பாமல் விட்டிருந்தார்கள்.

"நீங்களே உட்காருங்க அக்கா" என்றேன். மறுத்தார், வற்புறுத்தினேன். ஆள்காட்டி விரல் ஒன்றால், எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். பரிசோதனையாக, எழுத்தாளர் பெயரில் 'மௌனி' என்று தேடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. "புத்தகம் இருக்கு மேடம், மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு" என்று எழுந்துபோய் எடுத்தேவிட்டார். பதிவைத் திறந்து பார்த்தோம். பெயர் இருக்கிறது, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கர்சரை ஓர் எழுத்தாக நகர்த்தச் சொன்னேன். 'மௌ' ஒரே தாவலில் தாண்ட வேண்டும். இங்கே மெ-யில் ஒரு தடவை நின்றது, ள-வில் ஒரு தடவை நின்றது. ஔகாரக் குறி போட வேண்டிய இடத்தில் அந்தப் பையன் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்திருக்கிறான். நம் கண்ணுக்கு மௌனி. கம்ப்யூட்டருக்கு அது 'மெளனி' என்று வேறு யாரோ. இதே கணக்கில் ஔவையாரும் ஒ, ள என்று இரண்டு துண்டாகிக் காணாமல் போயிருந்தார். ஸ்ரீ இன்னொரு தலைவலி. சில விசைப்பலகைகள் ஸகரத்தை வைத்து எழுதும், சில ஶகரத்தை வைத்து எழுதும், தேடலில் ஒன்று கேட்டால் மற்றது வராமல் போகும்.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ போன வருஷம் தமிழ் வாத்தியார் வந்து கேட்டப்போ புக் இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்களே, அது இதனாலயா?" ஆமாம் அக்கா, இதனாலேதான்.

உடனே பக்கத்திலிருந்த சார் ஒருவர், மொத்தமாக 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடலாமே என்றார். செய்துவிடாதீர்கள்! வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகும். எது மௌனி, எது வெள்ளம் என்று தமிழ் தெரிந்த கண்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கண் இந்த அக்காவுக்கு இருக்கிறது.

வயது வயது என்கிறீர்களே, ஒவ்வொரு ஆகஸ்ட் 12-ஆம் தேதியும் நூலகர் தினம் என்று யார் படத்துக்கு மாலை போடுகிறீர்கள்? சீர்காழியில் 1892-இல் பிறந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனபோது நூலகத் தொழில் பயிற்சி ஒன்றும் இல்லாமல்தான் போனார். 1957-இல் இந்தப் பெங்களூருக்கே குடிவந்தார். 1962-இல், எழுபதைத் தொடும் வயதில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் டி.ஆர்.டி.சி. என்ற பயிற்சி மையத்தை இங்கே ஆரம்பித்தார். நம்மை மையம் ஆரம்பிக்கவா சொல்கிறார்கள்? சொந்தமாக ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நிர்வாகத்துக்கும் நாலு வார்த்தை. பயிற்சி என்றால் ஒரு நாள் கூட்டம், புரொஜெக்டர், சமோசா, மாலையில் சான்றிதழ் என்று ஆகிவிட்டது. நானே அப்படி எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நூறு பேர் திரையைப் பார்ப்பார்கள், ஒருவர் விரலும் விசைப்பலகையில் படாது. மறுநாள் எல்லாம் மறந்துபோகும். வாரம் ஒரு மணி நேரம், அவரவர் இருக்கையில், நிஜமான புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பழகினால் மூன்று மாதத்தில் யாருக்கும் வந்துவிடும். கோஹா 1999-இல் நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலக அமைப்புக்காக எழுதப்பட்டது, மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கே 'கொடை' என்று பொருள். இலவசம்தான். அதைக் கற்றுக்கொள்ளும் நேரம் இலவசம் இல்லை, அதை ஊழியருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

போன தடவை போன இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அது ஓர் அரசு நிறுவனம். ஆய்வு மாணவி ஒருத்தி ஒரு கட்டுரைக்குக் கைக்காசில் டாலர் கட்டியிருக்கிறாள். அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் ஆனது. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அந்த நிறுவனமும் பட்டியலில் இருக்கிறது. அவள் காசு கொடுத்து வாங்கிய இதழும் இருக்கிறது. எப்படி உள்ளே நுழைவது என்ற மெயில் மட்டும் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் இருந்தது. யாருடைய பெட்டி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு மேற்கோள் பட்டியல் கொண்டுவருகிறார்கள். இதழ் பெயர் நிஜம், ஆசிரியர் பெயர் நிஜம்போல இருக்கும், அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. ஒரு நூலகத்தில் இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடையாளமாக இருக்கும் டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பக்க எண்ணைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இல்லாத புத்தகத்தை அலமாரியில் தேடுவது நம் தொழிலில் புதிதா என்ன?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கையோடு செய்யுங்கள்.

ஆளுக்கொரு பயனர் கணக்கு. எல்லாரும் ஒரே 'அட்மின்' என்று நுழைவதை இன்றைக்கே நிறுத்துங்கள். எல்லாவற்றையும் மாற்ற முடிகிற 'சூப்பர் லைப்ரரியன்' அனுமதி இரண்டு பேருக்கு இருக்கட்டும், ஒருவருக்கு மட்டும் கூடாது, எல்லாருக்கும் கூடவே கூடாது. மற்றவர்களுக்கு அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி போதும். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருப்பவர்கள் இதைப் படிக்கும்போதே எழுந்துபோய்க் கிழித்துவிடுங்கள். முக்கியமான பாஸ்வேர்டுகளை எழுதி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, அலுவலக லாக்கரில் வையுங்கள்.

நூலக மெயிலின் ஓ.டி.பி. நூலகத்தின் சொந்த நம்பருக்கு வர வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு நோ டியூஸ் சான்றிதழில் புத்தகம் திருப்பினாரா என்று பார்க்கிறோமே, பாஸ்வேர்டையும் திருப்பினாரா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

வாரம் ஒரு தடவை பேக்கப்பைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள். பார்க்காதவரை அது பேக்கப் இல்லை, நம்பிக்கை. வரவுப் பதிவேட்டை நிறுத்தாதீர்கள். சந்தா முடிகிறது, இங்கே சொடுக்கு என்று அவசரப்படுத்தும் மெயில் வந்தால் சொடுக்காமல் பதிப்பகத்துக்கு போன் செய்து கேளுங்கள்.

அக்காக்களே, அண்ணன்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நாற்காலியை முன்னால் இழுங்கள். தப்பாக அழுத்தினால் ஒன்றும் வெடிக்காது. ஒரு சோதனைப் பதிவை உருவாக்கி, அடித்து, அழித்து, மறுபடி அடித்துப் பழகுங்கள்.

அந்த நூலகம் இப்போது ஓடுகிறது. பதிவேட்டைப் பார்த்துப் பதினோரு மாதத்தையும் அக்கா ஒற்றை விரலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். உடைந்த 'மௌ', 'ஔ' இன்னும் நாற்பது சொச்சம்தான் பாக்கி, சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவாராம். ஓ.டி.பி. மட்டும் இன்னும் அந்தப் பையனுக்குத்தான் போகிறது. நூலகத்துக்கென்று ஒரு சிம் வாங்க ஃபைல் போட்டிருக்கிறார்கள், கல்லூரி முதல்வர் மேஜையில் இருக்கிறதாம்.