சப்ஜாவைப் புதைக்க வேண்டாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் போன வருடம் திருநீற்றுப்பச்சிலை விதைத்தேன். விரலால் ஒரு அங்குலக் குழி போட்டு, விதையைத் தூவி, மண்ணை மூடி அழுத்தி, தினமும் பயபக்தியோடு தண்ணீர் தெளித்துப் பதினைந்து நாள் பார்த்தேன், ஒரு முளைகூட வரவில்லை. ஆனால் சப்ஜா போட்ட நன்னாரி சர்பத் குடித்த டம்ளரைக் கழுவி ஊற்றுகிற தோட்டத்து ஓரத்தில், யாரும் விதைக்காமலே பத்துக் கன்று நின்றது! இரண்டும் ஒரே பொட்டலத்து விதை. மளிகைக் கடையில் சப்ஜா என்று கேட்டு வாங்குகிறோமே, அது திருநீற்றுப்பச்சிலையின் விதைதான்.

ஒரு கிராம் சப்ஜாவில் ஏறக்குறைய 600 விதை இருக்கும். அவரை விதை கட்டுச்சோற்று மூட்டையோடு கிளம்புகிற ஆள் என்றால், இதன் கையில் இருப்பது ஒரே ஒரு கவளம். அது தீர்வதற்குள் வெளிச்சத்துக்கு வந்து தானே சமைத்துக்கொள்ள வேண்டும், ஒரு அங்குல மண்ணை முட்டித் தள்ளுவதெல்லாம் அதற்குக் கட்டுப்படியாகாது.

இதனால்தான் பல பொடி விதைகள் வெளிச்சம் பார்த்த பிறகே முளைக்கும். விதைக்குள் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. அமெரிக்காவில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் கீரை விதைமேல் சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஓரத்து ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, 1952இல் முடிவை வெளியிட்டார்கள்: எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாக விழுந்தது சிவப்பு என்றால் முளைக்கும், மற்றது என்றால் பெரும்பாலும் தூங்கும். இலைகள் சிவப்பை உறிஞ்சிவிட்டு மற்றதைக் கீழே விடுகின்றன, ஆக தலைக்குமேல் வேறு செடி நிழல் கட்டியிருக்கிறதா என்று விதைக்குத் தெரிந்துவிடுகிறது. மண்ணுக்குள்ளோ எந்த ஒளியும் சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. சப்ஜா லெட்டூஸ் அளவுக்குக் கறார் இல்லை, இருட்டிலும் ஓரளவு முளைக்கும். என் தொட்டியில் அதைக் கொன்றது ஆழம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, மேலாகவே தூவினால் காய்ந்துவிடாதா? அதற்குத்தான் அந்த வழுவழுப்பு. விதையின் வெளித்தோல் செல்களில் பெக்டின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் காய்ந்து சுருண்டு கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை உப்பி, செல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, விதையைச் சுற்றி ஒரு கூழ்ப்பையாக நிற்கும், கறுப்புக் கண்மணி மாதிரி. சர்பத்தில் நாக்குக்கு வழுக்குவது இதுதான். மண்ணில் இதே கூழ் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, கொஞ்சம் காய்ந்தால் பசைபோல் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தண்ணீர் தேங்கினால் இதே கூழ் காற்றை உள்ளே விடாது, விதை மூச்சுமுட்டிப் போகும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்த மாடியில் விதைப்பது வீண் வேலை. 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய ஊர் இது. நான் தை பிறந்த பிறகுதான் விதைக்கிறேன்.

இந்த முறை மணலும் மட்கிய எருவும் கலந்து, நனைத்து, மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தியதோடு சரி. கடலோர போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் முளைப்புக்கு ஆகாது, விதைக்குள் தண்ணீர் ஏறுவதையே உப்பு தடுக்கும், அதனால் குடிநீரைத்தான் தெளித்தேன். ஐந்தாம் நாள் பாதி நிலா மாதிரி இரண்டு வித்திலைகள். நெருக்கமாக வந்ததைக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அடியில் பூஞ்சை பிடித்து ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

அப்புறம் பூ. கதிர் கீழிருந்து மேலாகப் பூக்கும், தேனீ வரும், ஒவ்வொரு பூவும் உதிர்ந்தபின் அதன் குட்டிக் கிண்ணத்துக்குள் நான்கு விதை வரை உட்கார்ந்திருக்கும். துளசிக்கும் இதே கணக்குதான், ஒரே குடும்பம். அடிக்கிண்ணங்கள் பழுப்பானதும் கதிரை ஒடித்து வெள்ளைத் தாளில் தட்டினேன். பாதியைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்தேன், மீதி சித்திரை வெயிலுக்கு சர்பத்தில் போயிற்று.