சைட் வளருதுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மாச பில்லப் பாருங்க

"அண்ணா, இந்த மாசத்தோட சைட்ட மூடிடலாம்னு இருக்கோம்"னு ஒரு தம்பி ராத்திரி கூப்பிட்டு சொன்னார். பொழுதுபோக்கா கேம் பண்றவங்க கூடற தளம் அது, ஏழெட்டு பேரா ஆரம்பிச்சு சில ஆயிரம் பேர் வந்து போற இடமா ஆனது, வருஷத்துக்கு ரெண்டு தடவ கேம் ஜாம், அதாவது குறிச்ச நாளுக்குள்ள கேம் பண்ணிக் காட்டற போட்டி, நடத்துவாங்க, யாராவது புதுசா வந்து "என் கேரக்டர் சுவத்துக்குள்ள போயிடுது, என்ன பண்றது"ன்னு கேட்டா பத்து நிமிஷத்துல மூணு பேர் கோட் எழுதிக் காட்டுவாங்க. மூடறதுக்குக் காரணம் ஆள் வரலங்கிறது இல்ல. ஆள் நிறைய வந்துட்டாங்க, அதுதான்.

நான் கணக்கு பாக்கறவன். வாலண்டியருங்க நடத்தற சின்னச் சின்ன குழுக்களுக்கு வரவு செலவு எழுதி, வருஷக் கடைசியில வரிக்கணக்க சரிபண்ணிக் குடுக்கறது என் வேலை, அதுல கேம் பண்றவங்க குழுவும் சிலது உண்டு. நான் பாத்த வரைக்கும் காசே இல்லாம மூடின தளம் கம்மி, கையில நல்லா காசு வந்த அடுத்த வருஷம் மூடினதுதான் அதிகம், அத நெனச்சா மனசு கேக்கல, அதனாலதான் எழுதறேன்.

தம்பியோட கதையும் அதேதான். போன வருஷம் நிறைய பேர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா காசு திரட்டற கிரவுட் ஃபண்டிங் வெச்சாங்க, கேட்டதுக்கு மேலயே வந்துச்சு, எல்லாரும் உற்சாகமாகி பெரிய சர்வருக்கு மாறினாங்க, காசு கட்டி ஒரு தேடல் வசதி சேத்தாங்க, மெயில் அனுப்பற சர்வீஸ்ல பெரிய பிளானுக்குப் போனாங்க, பிரவுசர்லயே கேம் ஆடற வசதியும் வெச்சாங்க. ஒவ்வொண்ணும் நல்ல விஷயம்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் மாசாமாசம் பில் வரும். ஒரே ஒரு தடவ வந்த காச நம்பி மாசாமாசம் போற செலவ ஏத்திக்கிட்டாங்க, போனஸ் வந்துச்சேன்னு பெரிய வாடகை வீட்டுக்குக் குடிபோன மாதிரி. எட்டு மாசத்துல காசு தீந்துச்சு, பில் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

இதுல டேட்டா செலவத்தான் யாருமே முன்கூட்டி கணக்குப் போடறதில்ல. ஒரு கேமோட வெப் பில்ட், அதாவது பிரவுசர்ல ஆடற ஃபைல், 50 எம்பின்னு வெச்சுக்குங்க, படத்தையும் சத்தத்தையும் சுருக்காம ஏத்தினா அதுக்கு மேலயே போகும். ஜாம் நடக்கற வாரத்துல எல்லா கேமும் சேந்து 20,000 தடவ லோட் ஆச்சுன்னா 10 லட்சம் எம்பி, அதாவது 1 டிபி. சர்வர வாடகைக்கு விடற பெரிய கிளவுட் கம்பெனிங்க, அங்கிருந்து வெளிய போற டேட்டாவுக்கு ஜிபிக்கு சுமாரா 9 செண்ட் போடுவாங்க, ஆக 90 டாலர், ஒரே வாரத்துல, வெறும் டேட்டாவுக்கு மட்டும். அந்த ஜாம்ல வந்த ஒரு கேம யாராவது யூடியூப்ல ஆடிக் காட்டி அது பரவிடுச்சுன்னா பத்து மடங்கு, அத பண்ணின பையன் வாழ்க்கையிலயே சந்தோஷமா இருக்கற நாள்ல சைட்ட நடத்தறவர் பில்லப் பாத்து தூங்காம உக்காந்திருப்பார். கிளவுட்ஃபிளேரோட ஆர்2 மாதிரி வெளிய போற டேட்டாவுக்குக் காசு வாங்காத ஸ்டோரேஜ் இருக்கு, ஃபைல்கள அங்க மாத்தி, ஒரு பில்டுக்கு இத்தன எம்பிதான்னு வரம்பு வெச்சாலே பாதி பாரம் எறங்கிடும். யார்கிட்டயும் கை நீட்டறதுக்கு முன்னாடி இத செஞ்சிருங்க.

ஒரு தடவ வர்ற காசு கெட்டதுன்னு நான் சொல்லல, அத ஒரு தடவையோட முடியற வேலைக்குப் போடணும், அவ்வளவுதான். இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர், உங்கள்ல பல பேர் மாடல் பண்றதே அதுலதான். 2002ல அத வெச்சிருந்த கம்பெனி மூடினப்ப அத உருவாக்கின டான் ரோசெண்டால் மக்கள்கிட்ட 1 லட்சம் யூரோ கேட்டார், சோர்ஸ் கோட முதலீடு போட்டவங்ககிட்ட இருந்து மீட்டு எல்லாருக்கும் திறந்து விடறதுக்கு. ஏழே வாரத்துல சேந்துச்சு. காசு குடுத்தாங்க, கோட் வந்துச்சு, அந்த செலவு அதோட முடிஞ்சுது. தொடர்ந்து வேலை செய்யற டெவலப்பர்களுக்கு சம்பளம் குடுக்கறதுக்கு டெவலப்மெண்ட் ஃபண்டுன்னு தனியா ஒண்ணு இருக்கு, தனி ஆளுங்களும் கம்பெனிகளும் தொடர்ந்து கட்டறது. ரெண்டு காசும் ரெண்டு பாத்திரம். உங்க சைட்டுக்கும் அப்படித்தான், பழைய டேட்டாவ புது சாஃப்ட்வேருக்கு மாத்தறது, டிசைன திருத்தறது, பதிவுகள கண்காணிக்கற மாடரேட்டர்களுக்கு ஒரு டூல் எழுதி வாங்கறது, ஜாம் பரிசு, இதுக்கெல்லாம் கிரவுட் ஃபண்டிங் பொருந்தும். சர்வருக்குப் பொருந்தாது.

சர்வருக்கு வேண்டியது சின்னதா இருந்தாலும் நிக்காம வர்ற காசு. கேமும் அனிமேஷனும் ஏத்தற நியூகிரவுண்ட்ஸ் தளம் 1995ல டாம் ஃபல்ப் ஆரம்பிச்சது, இன்னிக்கும் ஓடுது, சப்போர்ட்டர்னு பேர் வெச்சு காசு கட்டற மெம்பர்கள் அதுக்கு பெரிய தூண், அவங்களுக்கு விளம்பரம் காட்டமாட்டாங்க. ஆனா மெம்பர்ஷிப் வெக்கறவங்க ஒரு கணக்குல தவறிடறாங்க. "எல்லாரும் மாசம் ஒரு டாலர் குடுங்க போதும்"னு கேக்கறது அன்பான விஷயம், ஆனா கார்டு பேமெண்ட் வாங்கித் தர்ற ஸ்டிரைப் கம்பெனியோட வழக்கமான கட்டணம் அமெரிக்க கார்டுக்கு 2.9 சதவீதம், அதுக்கு மேல ஒவ்வொரு தடவையும் 30 செண்ட். ஒரு டாலர்ல 33 செண்ட் வழியிலயே போயிடும். வருஷம் பூரா பன்னெண்டு தடவ கட்டினா 12 டாலர்ல உங்க கைக்கு 8 டாலர் சொச்சம்தான் வரும், அதே ஆள் 12 டாலர ஒரே தடவையா கட்டினா 11 டாலர் 35 செண்ட் வரும். குடுக்கறவருக்கு ஒரே செலவு, உங்களுக்கு மூணு டாலருக்கு மேல வித்தியாசம். அதனால சின்னத் தொகைய வருஷ சந்தாவா கேளுங்க, மாச சந்தா வேணும்னு சொல்றவங்களுக்கு அஞ்சு டாலர்ல இருந்து வைங்க. படைப்பாளிகளுக்கு மாசாமாசம் காசு வாங்கித் தர்ற பேட்ரியான் தளம் 2017 டிசம்பர்ல இந்த மாதிரி ஒரு கட்டணத்த குடுக்கறவங்க தலையில போடப் பாத்துச்சு, ஒரு டாலர் குடுக்கறவர் 1.38 டாலர் கட்டற மாதிரி ஆயிருக்கும், ஜனங்க கொதிச்சுப் போய் நிறைய பேர் விலக ஆரம்பிச்சாங்க, ஒரு வாரத்துக்குள்ள வாபஸ் வாங்கிட்டாங்க.

இன்னொண்ணு, கேள்வி கேக்கற இடத்துக்கும் பழைய பதில்களுக்கும் தயவுசெஞ்சு காசு வாங்காதீங்க. அந்த பதில்கள எழுதினது மெம்பர்கள், நீங்க இல்ல. விளம்பரம் இல்லாம பாக்கறது, பேர் பக்கத்துல ஒரு சின்னம், பெரிய பில்ட் ஏத்தற வசதி, இதெல்லாம் குடுங்க. தனி ஆளுங்க கேம் ஏத்தி விக்கற இட்ச்.ஐஓ தளம் மாதிரி கேம விக்கவும் விடறதா இருந்தா அவங்க வழிய பாருங்க, தளத்துக்கு எவ்வளவு பங்குன்னு விக்கறவர்கிட்டயே கேக்கறாங்க, வழக்கமா 10 சதவீதம், பூஜ்யம்னு வெச்சாலும் ஏத்துக்கறாங்க. விளம்பர வருமானத்த நம்பி செலவ ஏத்தாதீங்க, கேம் டெவலப்பர்கள்ல நிறைய பேர் விளம்பரத் தடுப்பு போட்டிருப்பாங்க. ஒரே ஸ்பான்சர நம்பறதும் அதே மாதிரிதான், பில்லுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒருத்தர்கிட்ட வாங்கினா அவர் போற அன்னிக்கு நீங்களும் போவீங்க. ஒரேயடியா வித்துடலாம்னு தோணும், அப்ப பிரவுசர் கேம் தளமான காங்கிரிகேட்டோட கதைய நெனச்சுக்குங்க, 2010ல ஒரு கம்பெனி வாங்குச்சு, 2017ல இன்னொண்ணுக்குக் கைமாறுச்சு, 2020ல புது கேம் ஏத்தறதையே நிறுத்திட்டாங்க.

காசு எங்க தங்குதுங்கிறதும் முக்கியம். நான் பாக்கற குழுக்கள்ல பாதிக்கு மேல ஒரே ஆளோட சொந்த பேங்க் அக்கவுண்ட்ல டொனேஷன் விழுது, வரி வர்றப்ப அது அவரோட சொந்த வருமானம் மாதிரி தெரியும், அவருக்கு உடம்பு முடியாம போனா யாரும் தொட முடியாது. ஒரு தளத்துல அப்படி நடந்து டொமைன், அதாவது சைட்டோட முகவரி, புதுப்பிக்க ஆள் இல்லாம பத்து வருஷ பதில்கள் ஒரே நாள்ல காணாமப் போச்சு, அந்த விஷயம் இன்னும் எனக்கு ஆறல. வேற அமைப்பு உங்க காச வெச்சுக்கற ஃபிஸ்கல் ஹோஸ்ட் ஏற்பாடு நல்லதுதான், ஆனா அப்படி ஹோஸ்டா இருந்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 பிப்ரவரியில கலைக்கப்போறோம்னு அறிவிச்சப்ப நூத்துக்கணக்கான குழுக்கள் வேற இடம் தேடி அலைஞ்சாங்க, அதனால மாத்து இடம் ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்குங்க. அதே வருஷம் டிசம்பர்ல யாரோ குடுத்த ஃபிஷிங் (ஏமாத்தி தகவல் திருடறது) புகார வெச்சு இட்ச்.ஐஓவோட டொமைனையே அத பதிவு பண்ணிக் குடுத்த ரெஜிஸ்ட்ரார் சில மணி நேரம் முடக்கிட்டாங்க, அவ்வளவு பெரிய தளத்துக்கே அப்படின்னா நமக்கு எம்மாத்திரம். டொமைன், பேமெண்ட், சர்வர் மூணுக்கும் குறைஞ்சது ரெண்டு பேருக்கு லாகின் இருக்கணும், ஆறு மாச பில்லுக்கான காசு தொடாம இருக்கணும்.

தம்பிகிட்ட அன்னிக்கு ராத்திரியே பில்ல எல்லாம் அனுப்பச் சொன்னேன். ஒரு ஷீட்ல மாசாமாசம் போறது ஒரு பக்கம், ஒரு தடவ போறது ஒரு பக்கம்னு பிரிச்சோம், அத பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அந்த ஷீட்ட ஒரு எழுத்து மாத்தாம மெம்பர்கள் எல்லாருக்கும் காட்டினாங்க, "சைட்டுக்கு உதவுங்க"ன்னு வருஷக்கணக்கா கேட்டும் அசையாதவங்க எண்ணப் பாத்ததும் கட்டினாங்க, சிலர் எங்க கொறைக்கலாம்னும் சொல்லிக் குடுத்தாங்க. தேடல் வசதிய எடுத்துட்டாங்க, அதுக்கு கொஞ்சம் திட்டும் விழுந்துச்சு. பில்டுகள வேற ஸ்டோரேஜுக்கு மாத்தற வேலைய மெம்பர்கள்லயே ரெண்டு பேர் ஒரு வார இறுதியில செஞ்சு குடுத்தாங்க. இப்ப பில்லுல முக்கால்வாசி சந்தாவுலயே வருது, மீதிக்கு இன்னும் தம்பியும் இன்னொருத்தரும் கைக்காசு போடறாங்க. அடுத்த ஜாமுக்கு ரெண்டு மாசம் இருக்கு.