ஜாம் செஷன்: சொல் விளக்கம்

சேர்ந்து ஒத்திகை பார்க்காத கலைஞர்கள், சில சமயம் அன்றுதான் முதல்முறை சந்திப்பவர்கள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் தாளமும் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையும் குலையாமல் ஆளுக்கொரு முறை கற்பனை செய்து வாசிக்கும் கூட்டத்துக்கு ஜாஸ் உலகில் ஜாம் செஷன் என்று பெயர். பேச்சில் வெறும் ஜாம். தமிழில் இதை ‘முன்தயாரிப்பற்ற இசை நிகழ்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். பாதி தவறு. தயாரிப்பு ஏராளமாக உண்டு, அது அந்த ஓர் இரவுக்கானதாக இருப்பதில்லை, அவ்வளவுதான். நூறு பாட்டுக்கு மேல் மனப்பாடம் இல்லாதவர் ஜாமில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

‘ஜாம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்குதல், திணித்தல், அடைத்துக்கொள்ளுதல் என்பவை பழைய பொருள்கள். ரொட்டிக்குத் தடவும் ஜாமும் சாலையில் நிற்கும் ஜாமும் அங்கிருந்து வந்தவைதாம். இசைப்பொருளில் இச்சொல் 1920களின் இறுதியில் அச்சேறுகிறது. ‘செஷன்’ ஒட்டிக்கொண்ட முழுத்தொடர் 1930களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. நெருக்கும் சொல் இசைக்கு எப்படித் தாவியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிறிய அறையில் பலர் அடைந்துகொண்டு வாசித்ததால் என்பது ஒன்று. இனிப்பாகக் கிடைக்கும் உபரி என்ற பொருளில் பழ ஜாமிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எதற்கும் உறுதியான சான்று இல்லை. ‘நள்ளிரவுக்குப் பிந்தைய ஜாஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஜாம் என்று இணையத்தில் உலவும் விளக்கத்தை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். அது பிற்காலத்தில் யாரோ பொருத்திப் பார்த்து மகிழ்ந்தது.

தமிழர்களுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. தெருக்கூத்துக் குழுவை ‘ஜமா’ என்கிறோம், நாலு பேர் கூடினால் ‘ஜமா சேர்ந்துவிட்டது’ என்கிறோம். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருவதால் ஜாமும் ஜமாவும் ஒரே வேர் என்று தோன்றும். ஜமா அரபு மொழியில் ‘ஒன்றுசேர்தல்’ என்ற வேரிலிருந்து உருது வழியாக வந்தது, ஜமாபந்தியும் அதே குடும்பம். ஆங்கில ஜாமுக்கும் அதற்கும் உறவில்லை. ‘செஷன்’ என்பதோ ‘உட்கார்’ என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழிவந்தது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட ‘அமர்வு’ அப்படியே பொருந்தும். பிறர் குழுவில் போய் ஒரு பாட்டுக்குச் சேர்ந்துகொள்வதையும் ஆங்கில ஜாஸ் வழக்கில் ‘உட்காருவது’ என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லுக்கு இன்றைய கனத்தைக் கொடுத்தவை இரண்டு ஊர்கள். ஒன்று மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி. அங்கே 1917இல் தொடங்கிய கறுப்பினக் கலைஞர்களின் தொழிற்சங்கமான லோக்கல் 627, ஹைலேண்ட் அவென்யூ 1823ஆம் எண் கட்டடத்தைத் தன் இடமாக்கிக்கொண்டது. ஊதியக் கச்சேரியை முடித்துவிட்டு நள்ளிரவுக்குமேல் அங்கே வந்து தங்களுக்காக வாசித்தார்கள். இன்று மியூச்சுவல் மியூசிஷியன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இருக்கும் அந்தக் கட்டடம் 1981இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வார இறுதிகளில் நள்ளிரவு தாண்டிய ஜாம் அங்கே தொடர்ந்து வந்திருக்கிறது. ஜாம் இளகிய மனம் கொண்ட இடமில்லை என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. 1936இல் ரெனோ கிளப்பில், பதின்பருவத்தில் இருந்த சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வாசிப்பில் தடுமாறியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலை (டிரம்ஸின் உலோகத் தட்டை) கழற்றி அவர் காலடியில் எறிந்தார். இறங்கு என்று பொருள்.

மற்றொன்று நியூயார்க்கின் ஹார்லெம். சாக்சபோன் கலைஞர் ஹென்றி மின்டன் 1938இல் மேற்கு 118ஆம் தெருவில், செசில் ஹோட்டல் கட்டடத்தில் மின்டன்ஸ் பிளேஹவுஸைத் தொடங்கினார். 1940இல் நிர்வாகத்துக்கு வந்த டெடி ஹில், டிரம்ஸுக்குக் கென்னி கிளார்க், பியானோவுக்குத் தெலோனியஸ் மங்க், பாஸுக்கு (தாழ்ந்த சுரங்களுக்கான தந்தி வாத்தியம்) நிக் ஃபென்டன், டிரம்பெட்டுக்கு ஜோ கை என்று ஒரு நிலையான குழுவை அமைத்தார். திங்கட்கிழமை அப்பல்லோ அரங்கக் கலைஞர்களுக்கு ஓய்வுநாள், அன்று அவர்களுக்கு இங்கே விருந்து, பிறகு வாசிப்பு. ஊதியமில்லாமல் வாசிப்பதை இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் தடைசெய்திருந்தது, பிடிபட்டால் அபராதம். மின்டன் அச்சங்கத்தின் நியூயார்க் கிளையான லோக்கல் 802இன் முதல் கறுப்பினப் பிரதிநிதி என்பதால் அவருடைய இடத்தில் அந்தத் தொல்லை எட்டிப்பார்க்கவில்லை. கலைவரலாற்றில் இப்படிப்பட்ட நிர்வாகக் காரணங்களுக்கு உரிய இடம் தரப்படுவதேயில்லை.

டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பார்க்கரும் வந்துபோன அந்த மேடையில்தான் பீபாப் என்ற புதிய ஜாஸ் முறை பெரிதும் உருப்பெற்றது. 1942 ஆகஸ்டு 1 முதல் தொழிற்சங்கம் ஒலிப்பதிவுத் தடை விதித்ததால் அதன் தொடக்க ஆண்டுகள் இசைத்தட்டுகளில் ஏறத்தாழ இல்லை. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் தட்டு வெட்டும் கருவியை மின்டன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால், 25 வயதில் மறைந்த கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அங்கே நீட்டி நீட்டி வாசித்தது நமக்குக் கிடைத்திராது. கலைஞர்கள் தமக்காக வாசித்த இந்த வழக்கத்தை நிகழ்ச்சி அமைப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1944 ஜூலை 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பில்ஹார்மோனிக் அரங்கில் சீட்டு விற்று மேடையேற்றினார். ‘ஜாம்’ ஒரு பொதுநிகழ்ச்சியின் பெயராகவும் மாறியது அதன் பிறகுதான் பரவலாயிற்று.

இனி உள்ளே நடப்பது. நிகழ்ச்சியை நடத்தும் குழுவில் பியானோ அல்லது கிதார், பாஸ், டிரம்ஸ் மூன்றும் இருக்கும். முதல் ஒரு மணிநேரம் அவர்கள் கச்சேரி, பிறகு பெயர் பதிந்தவர்களை அழைப்பார்கள். மேடையேறியதும் முடிவாக வேண்டியவை நான்கு: பாட்டு, சுருதி, வேகம், யார் முதலில். சுருதியை விரலால் காட்டுவது வழக்கம். விரல் மேல்நோக்கினால் ஷார்ப் (அரைச்சுரம் ஏறியது), கீழ்நோக்கினால் ஃபிளாட் (அரைச்சுரம் இறங்கியது). அந்தச் சுருதியில் அவை எத்தனையோ அத்தனை விரல். கீழ்நோக்கி ஒரு விரல் எஃப், இரண்டு பி ஃபிளாட், மூன்று ஈ ஃபிளாட். மேல்நோக்கி ஒரு விரல் ஜி. புதிதாக வரும் சாக்சபோன்காரர்கள் சறுக்கும் இடம் இதுவே. பியானோவின் பி ஃபிளாட், டெனர் சாக்சபோனில் சி, ஆல்டோவில் ஜி. தன் வாத்தியத்தில் படித்த பெயரை அப்படியே கூவினால் பியானோ ஒரு சுருதியிலும் இவர் வேறொன்றிலும் கிளம்புவார்கள். சொல்ல வேண்டியது எப்போதும் பியானோவின் சுருதியை.

கர்நாடக இசை பழகியவர்கள் வடிவத்தை இப்படிப் பிடித்துக்கொள்ளலாம். புளூஸ் பாட்டு 12 பார் (மேற்கத்தியத் தாளக்கூறு), ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக 48, அதாவது ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். பிராட்வே இசைநாடகப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார், அது 128 எண்ணிக்கை, 16 ஆவர்த்தனம். இப்படி முழுப்பாட்டு ஒரு சுற்று சுழல்வதைக் ‘கோரஸ்’ என்பார்கள். பலர் சேர்ந்து பாடும் கோரஸ் வேறு, இது வேறு. முதல் சுற்றில் பாட்டின் மெட்டை உள்ளபடி வாசிப்பது ‘ஹெட்’. அடுத்து ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சுற்றுகள் கற்பனை செய்வது ‘சோலோ’. அதன்பின் டிரம்மரோடு நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பார்கள், கடைசியில் மீண்டும் ஹெட். நான்கு விரல் காட்டினால் அந்த மாற்று வாசிப்பு தொடங்கப்போகிறது. தலையைத் தட்டினால் மெட்டுக்குத் திரும்பு. முஷ்டியை மடக்கினால் முடி. முடிவில் கடைசி நான்கு பாரை மூன்று தடவை வாசித்து நிறுத்துவது சாதாரண வழக்கம், நம் தீர்மானத்தின் மும்முறை நினைவுக்கு வரும்.

டிரம்மரோடு நடக்கும் பரிமாற்றத்தைப் பார்த்ததும் நமக்குத் தனி ஆவர்த்தனத்தின் குறைப்பு தோன்றுவது இயல்பு. மிருதங்கமும் கடமும் ஓர் ஆவர்த்தனம், அரை, கால் என்று அளவைச் சுருக்கிக்கொண்டே போய் மோராவில் சேரும். ஜாஸில் நான்கு பார் நான்காகவே நிற்பதும் உண்டு, இரண்டாகவும் ஒன்றாகவும் குறைவதும் உண்டு, குறைத்தே தீர வேண்டும் என்ற விதி கிடையாது. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த சக்தி குழு 1970களில் இந்த இரண்டு மரபையும் ஒரே மேடையில் தொட்டுக் காட்டியது.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் நீளத்தில். நிமிடத்துக்கு 160 எண்ணிக்கை வேகத்தில் 32 பார் பாட்டின் ஒரு சுற்றுக்கு 48 விநாடி. ஆறு பேர் மும்மூன்று சுற்று எடுத்தால் 18 சுற்று, ஹெட் இரண்டு, மொத்தம் 16 நிமிடம். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு சுரம் நடத்தும் பாஸ்காரர் அதற்குள் 2,560 தடவை தந்தியை இழுத்திருப்பார். கூட்டம் அதிகமான நாளில் ஆளுக்கு இரண்டு சுற்று போதும் என்று நடத்துபவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. அடுத்தது வேகம். பதற்றத்தில் எண்ணிக்கையை வேகமாகக் கொடுத்துவிட்டு, நடுப்பகுதி வந்ததும் விரல் ஓடாமல் திணறுவார்கள். பாட்டின் மிகக் கடினமான இரண்டு பாரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்று, இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு’ என்று எடுப்பதே சரி. பியானோவும் கிதாரும் ஒரே நேரத்தில் கார்டு வாசித்தால் சோலோ சேற்றில் அமிழ்ந்துவிடும், ஒருவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பாட வருபவர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் கார்டு வரிசையை எழுதிய தாளை, வாசிக்கும் மூவருக்கும் மூன்று படியாகக் கொண்டுவர வேண்டும். எந்தச் சுற்றில் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று தொலைந்துபோனால் வாசிப்பை நிறுத்திவிட்டு பாஸைக் கேட்பது ஒன்றே வழி. தொடர்ந்து வாசித்தபடி தேடுபவர் மற்றவர்களையும் தொலைக்க வைப்பார்.

இத்தனையும் தெரிந்தால்தான் தமிழ்ச் சொல் தேட முடியும். ‘கூட்டிசை’ குழுவாக எழுதி வாசிக்கும் இசைக்குப் போய்விட்டது. ‘சேர்ந்திசை’ பலகுரல் பாடலுக்கு நிலைத்துவிட்டது. ‘கோஷ்டி கானம்’ என்றால் திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் ஒருமித்துப் பாடுவதுதான் கண்முன் வரும். அங்கே யாரும் தன் பங்கைக் கற்பனை செய்வதில்லை, ஆகவே அதுவும் சரிவராது. ‘தன்னிச்சை இசை’ என்றால் கட்டுப்பாடே இல்லாதது போலாகிவிடும். ஆசுகவி என்ற பழஞ்சொல் ஆசை காட்டுகிறது. கொடுத்த ஈற்றடிக்கு அந்த இடத்திலேயே வெண்பா கட்டிய காளமேகத்தின் வித்தைக்கும், கொடுத்த கார்டு வரிசைக்கு அந்த நேரத்திலேயே மெட்டுக் கட்டுபவரின் வித்தைக்கும் உறவு தெளிவு. ஆனால் ஆசுகவி தனி ஆளின் திறமையைச் சொல்கிறது, கூடுதலைச் சொல்லவில்லை. கற்பனை வாசிப்புக்கு மட்டும் ‘மனோதர்மம்’ என்ற ஆட்சிச்சொல் இருக்கவே இருக்கிறது, அதை ஜாஸுக்கும் பயன்படுத்தலாம்.

ஜாம் செஷனுக்கு ‘இசைக்கூடல்’ பொருத்தமாகப் படுகிறது. யாரும் யாரையும் கூலிக்கு அமர்த்தாமல் வந்து சேர்வது ‘கூடல்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. நிகழ்ச்சிநிரலில் ஒரு பகுதியாக வரும்போது ‘கூடல் அமர்வு’ எனலாம். மறைந்த கலைஞரின் நினைவாக, அவர் பாட்டுகளையே எடுத்து நடத்தும் ஜாம் ‘நினைவுக்கூடல்’. நடத்தும் குழுவுக்கு, வானொலியின் ‘நிலைய வித்வான்’ வழக்கைப் பின்பற்றி ‘நிலையக் குழு’. ஒருவரையொருவர் மடக்கும் போட்டி ஜாமுக்கு ஆங்கிலத்தில் ‘வெட்டு’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணியைக் கேட்டவர்களுக்கு ‘எதிர்வாசிப்பு’ என்றாலே விளங்கும். திறந்த மேடை வேறு: அங்கே தனியாக வந்து தன் உருப்படியைப் பாடிவிட்டு இறங்கலாம், பிறரோடு சேர்ந்து வாசிக்கும் கட்டாயமில்லை.

வினைச்சொல்லாக ‘ஜாம் பண்ணலாமா’ என்பதற்குக் ‘கூடி வாசிக்கலாமா’ போதும். உள்ளூர் நிகழ்ச்சி அறிவிப்பில் இப்படி வரலாம்: ‘இசைக்கூடல். இரவு 8 முதல் 9 வரை நிலையக் குழுவின் கச்சேரி. அதன்பின் கூடல் அமர்வு. வாசிப்போர் 8.30க்குள் பெயர், வாத்தியம், இரண்டு பாட்டு, அவற்றின் சுருதி ஆகியவற்றைப் பதிய வேண்டும். பியானோ, டிரம்ஸ், பாஸ் பெருக்கி மேடையில் உண்டு. டிரம் குச்சியும் கிதார் கம்பிவடமும் அவரவர் கொண்டுவர வேண்டும்.’