சொல் விளக்கம்: கைடட் டிஷ்யூ ரீஜெனரேஷன்

ஈறு இறங்கி, பல்லைத் தாங்கும் தாடை எலும்பும் கரைந்து போனவர்களிடம் பல் மருத்துவர் சில சமயம் 'ஜி.டி.ஆர். பண்ணிப் பார்க்கலாம்' என்பார். விரித்தால் கைடட் டிஷ்யூ ரீஜெனரேஷன். தமிழில் இதை 'வழிகாட்டப்பட்ட திசு மீளுருவாக்கம்' என்று எழுதலாம். பிழையில்லை, ஆனால் படித்தால் ஒன்றும் விளங்காது.

'டிஷ்யூ'வின் வேர் நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. நெய்த துணி என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் அதன் ஒலியை மட்டும் வாங்கித் 'திசு' ஆக்கினோம். இலங்கைத் தமிழில் 'இழையம்'. இழை என்றால் நூல். மூலத்தில் இருந்த நெசவு இதில் அப்படியே இருக்கிறது என்பதால் என் ஓட்டு இழையத்துக்கு. (இலங்கையில் ஈறும் 'முரசு'தான். நம் பேச்சில் அது 'எகிறு'.)

'ரீஜெனரேஷன்' என்பதன் வேர்ப்பொருள் மறுபடி ஈனுதல். அறுந்த வால் பல்லிக்கு மீண்டும் வளர்வதைப் பாடநூல்கள் 'இழப்பு மீட்டல்' என்கின்றன. நல்ல சொல். பல் மருத்துவத்தில் இதற்குக் கறாரான பொருள் உண்டு. பல்லின் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே ஈறு ஆறிவிடும். ஆனால் பெரும்பாலும் ஈறின் மேல்தோல் வேரோடு ஒட்டிக்கொள்வதோடு சரி. அது வெறுமனே புண் ஆறுவது. எலும்பு, வேரைப் போர்த்திய சிமெண்டம், இரண்டையும் பிணைக்கும் நார் ஆகிய மூன்றும் புதிதாக உண்டானால்தான் மீட்டல். எந்தப் பற்பசையும், எண்ணெய்க் கொப்பளிப்பும் இதைச் செய்யாது.

சிக்கல் 'கைடட்' என்ற சொல்லில்தான். யார் யாருக்கு வழி காட்டுகிறார்கள்? வேரின் மேல் எந்த வகைச் செல் முதலில் குடியேறுகிறதோ, அதுவே பின்னால் அங்கே என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கும் என்று 1976-இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் எழுதினார். மேல்தோல் செல்களுக்கு வேகம் அதிகம். நாரிலிருந்து வரும் செல்கள் மெதுவானவை, எப்போதும் பிந்திவிடும். 1982-இல் சுவீடனின் நைமன் ஆய்வுக் குழு ஒரு நோயாளியின் கீழ் முன்பல்லில் ஈறுக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய வடிதாள் ஒன்றை வைத்துத் தைத்தது. மேல்தோல் வெளியே நின்றது. உள்ளே புதுச் சிமெண்டமும் அதில் பதிந்த நாரும் உண்டாகியிருந்தன. 1986-இல் காட்லோ என்ற ஆய்வாளரின் குழு எழுதிய கட்டுரை 'கைடட் டிஷ்யூ ரீஜெனரேஷன்' என்ற பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. பிறகு வடிதாளுக்குப் பதிலாக டெஃப்ளான் வகைச் சவ்வுகள் வந்தன, அவற்றை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வு தானே கரைந்துவிடும்.

ஆக, அந்தச் சவ்வு யாருக்கும் வழி காட்டுவதில்லை. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் மறு வாய்க்காலில் பாயும் அல்லவா, அந்த வேலைதான். அதனால் 'தடுப்பிட்ட இழைய மீட்டல்' என்பேன். எலும்பில் ஆழமாக, குறுகலாகப் பள்ளம் விழுந்த இடத்தில் இது நன்றாகப் பலிக்கும். சுற்றிலும் ஒரே மட்டமாகத் தேய்ந்த எலும்பை இதனால் உயர்த்துவது கடினம். புகைபிடிப்பவர்களுக்குப் பலன் குறைவு.

செயற்கைப் பல் வேர் பொருத்த எலும்பை மட்டும் வளர்ப்பது ஜி.பி.ஆர். (கைடட் போன் ரீஜெனரேஷன்), அதாவது தடுப்பிட்ட எலும்பு மீட்டல்.