காப்பர்-டி போட வீட்டுக்காரர் கையெழுத்து எதற்கு?

வயது 19. பதினாறில் கல்யாணம். இடுப்பில் பதினொரு மாதக் குழந்தை, வயிற்றில் இரண்டு மாதம். "மாத்திரை கொடுத்தேனே, ஏம்மா போடல?" என்று சிடுசிடுத்தேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது: "அவளுக்கு மறதிங்க டாக்டரம்மா."

சீட்டில் சீல் வாங்கி வரச்சொல்லி மாமியாரை வெளியே அனுப்பினேன். (இளம் டாக்டர்களே, துணைக்கு வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பாமல் கருத்தடை பற்றிப் பேசவே பேசாதீர்கள்.) அரிசி டப்பாவுக்குள் ஒளித்திருந்த மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைக் கணவன் எடுத்துவிட்டானாம். "எவனுக்காக இதைத் திங்கிற?" என்று கேட்டு அடித்திருக்கிறான். முன்கையில் வளையல் உடைந்து கீறிய தழும்பு. மறதியாம்!

பிரசவத்தின்போதே, கருத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் காப்பர்-டி கேட்டிருக்கிறாள். "வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யார் கண்டுபிடித்த விதி இது? 18 முடிந்த பெண்ணுக்குக் காப்பர்-டி போட அவள் சம்மதம் போதும். அந்தரா என்கிற கருத்தடை ஊசிக்கும் அப்படியே. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும், கருக்கலைப்புக்கும்கூடக் கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. நாம்தான் கேட்கிறோம், பின்னால் தகராறு வருமோ என்ற பயத்தில். அடிக்கிறவனிடமே அனுமதிச்சீட்டு வாங்கி வரச் சொல்கிறோம்.

அபூர்வமான கேஸ் என்று தள்ளாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் பதினெட்டுக்குள் கல்யாணம் ஆனவர்கள். மணமான பெண்களில் 38 பேர் கணவரின் வன்முறையைப் பார்த்தவர்கள்.

வீட்டில் மாத்திரை வைக்க முடியாதவர்கள் அந்தரா ஊசியைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அரசு மருத்துவமனையில் இலவசம், ஒளிக்க அட்டை கிடையாது. மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும், பயப்படாதீர்கள். காப்பர்-டி நூல் கணவருக்குத் தட்டுப்படும் என்று பயந்தால் சொல்லுங்கள், குட்டையாக வெட்டிவிடலாம். அடி விழுந்தால் மகளிர் உதவி எண் 181. பதினெட்டுக்குக் கீழே கல்யாணப் பேச்சு எடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரே, "பத்திரமா இருக்கட்டும்னு கட்டிக் கொடுத்தோம்" என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். அந்தப் பத்திரத்தைத் தினமும் ஓ.பி.யில் பார்க்கிறேன்.

அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப, இந்தக் கருவ வச்சுக்கிறதும் வேணாங்கிறதும் நான் சொன்னாப் போதுமா?" போதும் என்றேன். ரெண்டு நாள் யோசிக்கணும் என்றாள். சீல் வாங்கிக்கொண்டு மாமியார் உள்ளே வந்தார்.

"ரத்தம் கம்மியா இருக்கும்மா, வியாழக்கிழமை தவறாம அனுப்பிவைங்க" என்றேன்.