பின்மூடியில் ‘30 மீட்டர்’ என்று இருந்தால் குளிக்கலாம் என்று யார் சொன்னது?

மழை தொடங்கியதிலிருந்து மும்பை மாட்டுங்காவில் பழுது பார்க்க என் மேஜைக்கு வரும் வாட்சுகள் பெரும்பாலும் ஒரே நோயோடு வருகின்றன. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருக்கிறது. திறந்தால் நேரம் திருத்தும் திருகின் தண்டு துருப்பிடித்திருக்கிறது, டயலின் ஓரம் உப்பியிருக்கிறது. தாத்தா காலத்து வாட்சுகள் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவை அப்படி அல்ல. கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், துணிப் பட்டை என்று ராணுவத் தோரணையில் விற்கப்படும் ஃபீல்ட் வாட்சுகள். இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவை.

கடைசியாக வந்த தம்பி சயானில் இருந்து தானேவுக்கு லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவர். “அண்ணா, பின்னால் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். நான் என்ன கடலிலா குதித்தேன்? கட்டிக்கொண்டு குளித்தேன், அவ்வளவுதான்” என்றார். கோபம் அவர் மீது இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

30 மீட்டர் என்பது நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் அல்ல. அது ஓர் அழுத்தத்தின் அளவு. தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஆகவே 30 மீட்டர் என்றாலும் 3 பார் என்றாலும் ஒன்றுதான். அந்த அழுத்தத்தை யார் தாங்கினார்கள், எப்போது தாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. தொழிற்சாலையில் இருந்து அப்போதுதான் வெளிவந்த புது வாட்ச், புது ரப்பர் வளையங்களோடு, திருகு முழுக்க உள்ளே அழுந்தி, அசைவில்லாத தண்ணீரில் சிறிது நேரம் தாங்கியது. சாதாரண வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரம் ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஒரு தொகுதியில் சிலவற்றை எடுத்துப் பார்த்தாலே போதும். முத்துக்குளிப்பவர் போல் ஆழத்தில் இறங்குகிறவர்கள் கட்டும் டைவிங் வாட்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று வேறு தரம் இருக்கிறது. அதில் குறைந்தது 100 மீட்டர் வேண்டும், ஒவ்வொரு வாட்சையும் குறித்த அளவைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதித்தாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது அந்த இனம் அல்ல.

கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் தண்ணீர் புகுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியும் இல்லை. கை வீச்சால் கூடுவது மிகக் கொஞ்சம். உண்மையான காரணம் ரப்பர் வளையம். பின்மூடிக்கு ஒன்று, திருகின் தண்டுக்கு ஒன்று, பல வாட்சுகளில் கண்ணாடிக்கு ஒன்று. வியர்வை, சோப்பு, வெப்பம் எல்லாம் சேர்ந்து அதை இறுக வைத்து, தட்டையாக்கி, விரிசல் விழச் செய்கின்றன. வளையம் போனதும் பின்மூடியில் பொறித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எண் அழியாது, வளையம் அழியும். இதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

வெந்நீர்க் குளியல் இன்னும் மோசம். சூட்டில் வாட்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறப் பார்க்கிறது. பிறகு குளிர்ந்ததும் உள்ளே இழுக்கிறது. மும்பையில் ஜூலை மாதத்தில் அது இழுப்பது காற்றை மட்டுமா? தளர்ந்த வளையம் என்றால் குளியலறையின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகிறது. சோப்பு நுரை சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். தெருவிலிருந்து ஏசி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் மூட்டம் போட்டு, அரை மணியில் தானே மறைந்துவிட்டால், “சரியாகிவிட்டது” என்று நினைக்காதீர்கள். கண்ணாடி குளிர்ந்தபோது உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். மூட்டம் மறைந்தாலும் ஈரம் உள்ளேதான் இருக்கிறது. நாங்களும் இதே வழியில்தான் சோதிக்கிறோம். வாட்சை லேசான சூடான தகட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். உட்புறம் மூட்டம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மாதிரி மழை எதுவும் தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிளில் குடை பிடித்துக்கொண்டு நடக்கும்போது விழும் தூறலும் மாலையில் வியர்வையும் போதும், திருகு அரை மில்லிமீட்டர் வெளியே நின்றால். நேரம் திருத்திவிட்டுத் திருகை உள்ளே அழுத்த மறந்து வருகிறவர்கள் எத்தனை பேர்!

ஃபீல்ட் வாட்சைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் கட்ட ஒரே ஒரு வாட்ச் எது என்று கேட்டால் நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் இருந்தவர்களுக்குச் சட்டைப்பையில் இருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க அவகாசம் இல்லை, மணிக்கட்டில் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரே விவரக்குறிப்பைக் கொடுத்துப் பன்னிரண்டு நிறுவனங்களிடம் வாங்கியது. கறுப்பு டயல், தெளிவான எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள், அதிர்ச்சி தாங்கும் இயந்திரம், தண்ணீர் புகாத உறை. அமெரிக்கர்கள் 1964-இல் எம்ஐஎல்-டபிள்யூ-46374 என்று தங்கள் குறிப்பை எழுதினார்கள். ஒரு பார்வையில் நேரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை இருக்கும் சிறு எண்கள் ரயில் அட்டவணை பார்க்கிறவர்களுக்கு இன்றும் உதவுகின்றன. பட்டன் இல்லை, மூன்று சின்ன டயல்கள் இல்லை. எத்தனை ஓட்டை குறைவோ, தண்ணீர் புக அத்தனை வழி குறைவு.

ஆனால் இன்று கடையில் இருப்பவற்றில் பலவும் அந்த விவரக்குறிப்பின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டவை. டயல் ராணுவத்துடையது, உறை சாதாரணமானது. தோற்றத்தைப் பார்த்து எதையும் தாங்கும் என்று நம்பிவிடுகிறீர்கள். விலையை வைத்தும் நம்ப வேண்டாம். செய்கோ எஸ்என்கே 809 என்ற தானியங்கி வாட்சைப் பலரும் கொண்டாடுகிறார்கள், நல்ல இயந்திரம், நானும் விரும்புவேன். அதற்கு 30 மீட்டர்தான். அதைவிட விலை குறைந்த, பிளாஸ்டிக் உறையில் வரும் கேசியோ எம்ஆர்டபிள்யூ-200எச் 10 பார் தாங்கும். டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் ஸ்கவுட் 50 மீட்டர். சூரிய ஒளியில் ஓடும் சிட்டிசன் பிஎம்8180 100 மீட்டர். மும்பை மழைக்கு, என் கணக்கில், 10 பார் இருப்பதை வாங்குங்கள். அதற்குக் கீழே என்றால் கை கழுவலாம், தூறலில் நடக்கலாம். நீச்சல் வேண்டாம், குளியல் வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது பின்மூடியை இன்னொரு காரணத்துக்காகவும் படியுங்கள். அதில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மூடி மட்டும்தான் எஃகு. உடம்பு பித்தளையோ வேறு கலப்பு உலோகமோ, மேலே முலாம். நம் ஊர் வியர்வையில் அந்த முலாம், பட்டை மாட்டும் காதுகளின் அடியிலிருந்து உரிய ஆரம்பிக்கும், சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். முழு எஃகு என்றால் ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றோ ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ்’ என்றோ எழுதியிருப்பார்கள்.

அடுத்தது வாட்சின் செல், அதாவது பேட்டரி. ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிடத்தில் செல் மாற்றிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து ஈரத்தோடு என்னிடம் வருகிறார்கள். திறந்து பார்த்தால் பின்மூடியின் ரப்பர் வளையமே இருக்காது. கழன்று கீழே விழுந்திருக்கும், மாட்டியவர் கவனித்திருக்க மாட்டார். இருந்தாலும் முறுக்கிக்கொண்டு மூடியின் பல்லில் நசுங்கியிருக்கும். மூடியைத் திறந்தாலே வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, தேய்ந்திருந்தால் மாற்றிப் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. உள்ளே போடும் செல்லிலும் ஏமாற்றம் உண்டு. வாட்சுக்கு வேண்டியது சில்வர் ஆக்சைடு செல், உதாரணத்துக்கு எஸ்ஆர்626எஸ்டபிள்யூ. அதே அளவில் அல்கலைன் செல் கிடைக்கும், மலிவு, ஆனால் மின்னழுத்தம் சீராக நிற்காது, கசியவும் செய்யும். கசிந்தால் சர்க்யூட்டோடு போய்விடும். பல வாட்சுகளில் வினாடி முள் இரண்டிரண்டாகத் தாவத் தொடங்கினால் செல் தீரப்போகிறது என்று இயந்திரமே சொல்கிறது என்று அர்த்தம். நின்றுபோன வாட்சைச் செல்லோடு பீரோவில் போட்டு வைக்காதீர்கள்.

இந்த ஊரில் தொழில் செய்கிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு வருத்தம் தருவது. பழைய எச்.எம்.டி.யையும் செய்கோ 5-ஐயும் எடுத்து, டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, ராணுவ முத்திரை போல் எதையாவது அச்சிட்டு இணையத்தில் விற்கிறார்கள். உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எச்.எம்.டி. 1961-இல் சிட்டிசனின் துணையோடு பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. 2016-இல் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ‘ஜவான்’ என்ற மாடல் உண்மையிலேயே இருந்தது. அதனாலேயே போலிக்கு வசதி. புத்தம்புது மினுமினுப்பில் டயல், கீறல் நிறைந்த உறை, மூன்று வேறு வாட்சுகளில் இருந்து எடுத்த முட்கள் என்றால் வாங்காதீர்கள். ஆசைப்பட்டு வாங்கிவிட்டீர்கள் என்றால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதில் வளையம் இருந்தால் அதிர்ஷ்டம்.

பட்டை பற்றி ஒன்று. லோக்கல் நெரிசலில் வாட்ச் தொலைவது திருட்டால் மட்டும் அல்ல. பட்டையைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின் ஒன்று தெறித்தாலே போதும். ஒரே துணியாக இரண்டு பின்களுக்கும் அடியில் போகும் நேட்டோ பட்டை கட்டினால், ஒரு பின் போனாலும் வாட்ச் கையிலேயே நிற்கும். அந்தப் பட்டையையும் வாரம் ஒருமுறை கழற்றித் துவையுங்கள், தயவுசெய்து.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே தண்ணீர் போய்விட்டால் அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். மூடிய உறைக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எப்படி உறிஞ்சும்? மாவுத் தூசிதான் திருகின் இடுக்கில் சேரும். வெயிலில் வைத்தால் மூட்டம் கண்ணாடியை விட்டு டயலுக்கும் இயந்திரத்துக்கும் போகும், அங்கே துரு தொடங்கும். செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சின் காயிலில் இருக்கும் செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. செல் இணைப்பில் இருக்கும்போது ஈரம் பட்டால் அது அரித்து அறுந்துபோகும். அன்றைக்கே கொண்டு வாருங்கள், ஞாயிறு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடல் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். வெளியூரில் மாட்டிக்கொண்டால், அருகில் எந்த வாட்ச் கடை இருந்தாலும் பின்மூடியைத் திறந்து செல்லை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். திருகை வெளியே இழுத்து விட்டு, தூசி படாமல் சுத்தமான தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.